எஞ்சினுக்கு மூச்சு முட்டும்போது

வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட்டை ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர், ஆயில் ஒழுகுவது அந்த வண்டியின் பிறவிக் குணம் என்று நம்புகிறார்கள். நிறுத்துகிற இடத்தில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு, குறைந்தபோது கொஞ்சம் ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "ஒழுகுனாதான் உள்ள ஆயில் இருக்குதுன்னு அர்த்தம் மேஸ்திரி" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. மணலூர்பேட்டையில் பட்டறை வைத்துப் பிழைக்கிற எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஒழுகாத பழைய புல்லட் உண்டு. என் பட்டறையிலிருந்து போன வண்டிகள் கோலம் போட்ட வாசலில் நிற்கின்றன, வீட்டுப் பெண்கள் யாரும் திட்டுவதில்லை.

எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் திருவண்ணாமலை ரோடு, இந்தப் பக்கம் திருக்கோவிலூரும் தியாகதுருகமும். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையாரே இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தோம். நெல்லும் கரும்பும் பார்க்கிற ஊர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்கள், அரிசி மண்டிக்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், போலீஸ்காரர்கள் என்று புல்லட் வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் இவ்வளவுதான். இப்போது அவர்களுடைய பேரன்கள் தாத்தா வண்டியை வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வண்டியின் கதை தெரிந்தால் அதன் ஒழுகலும் புரியும். ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் செய்யப்பட்டது. நம் ராணுவம் எல்லையில் ஓட்டுவதற்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. பிறகு 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி கோக்க ஆரம்பித்தது. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி வண்டி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனால் அவர்கள் வரைந்த எஞ்சினை நாம் 2010 வரை வார்த்துக்கொண்டிருந்தோம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. காற்றில் குளிர்கிற ஒற்றை சிலிண்டர். எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி, இரண்டையும் இணைக்கிற செயின் கேஸ் தனி. ஒவ்வொரு தனிக்கும் ஒரு மூட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு பேக்கிங். ஒழுகுவதற்கு இடம் நிறைய வைத்துத்தான் அந்த எஞ்சினைக் கட்டியிருக்கிறார்கள். அது உண்மை. அதற்காக ஒழுகியே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஒழுகுகிற வண்டி வந்தால் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இதுதான். ஈரம் தெரிகிற இடத்தில் உள்ள நட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். நிற்காவிட்டால் மூடியைக் கழற்றி, ட்யூபில் வருகிற சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டைக் கனமாகப் பூசி மாட்டுவார்கள். ஒரு வாரம் நிற்கும். அப்புறம் பக்கத்து மூட்டில் ஈரம் வரும். அங்கேயும் பேஸ்ட். இப்படியே எஞ்சின் முழுக்கச் சிவப்பு விளிம்பு கட்டிக்கொண்டு வரும் வண்டிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அடைப்பதற்கு முன்னால் ஆயிலை வெளியே தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி விழுப்புரத்தில் இருந்தார். ஒழுகுகிற வண்டி வந்தால் அவர் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியை ஓடவிட்டு, கிராங்க் கேஸிலிருந்து வருகிற மூச்சுக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கீழே தள்ளுகிறது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடினால் நொடிக்கு ஐம்பது முறை. அந்தக் காற்று போவதற்கு வழி வேண்டும். குழாயில் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். நுனி தட்டையாக, நடுவில் கீறல் விட்டது. காற்று வெளியே போகும்போது கீறல் திறக்கும், பிஸ்டன் மேலே ஏறும்போது மூடிக்கொள்ளும். சரியாக இருந்தால் கிராங்க் கேஸுக்குள் எப்போதும் வெளிக்காற்றைவிட அழுத்தம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அப்போது மூட்டில் சின்னக் கீறல் இருந்தால்கூட ஆயில் வெளியே வர மனசு வராது. அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டாலோ, கீறல் ஒட்டிக்கொண்டாலோ, யாராவது குழாயை மடக்கிக் கட்டிவிட்டாலோ, உள்ளே காற்று தேங்கி அழுத்தம் ஏறும். பிறகு பேக்கிங், ஆயில் சீல், ஸ்க்ரூ மறை என்று எங்கே பலவீனமோ அங்கே பீறிடும். ஓரிடத்தை அடைத்தால் வேறிடம். விலை குறைந்த அந்த ரப்பரை மாற்றியே ஐந்தாறு இடத்து ஒழுகலை நிறுத்தியிருக்கிறேன்.

மூச்சுக் குழாய் நன்றாக இருந்தும் அழுத்தம் இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, போர் தேய்ந்திருக்கிறது, எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். குழாய் வாயில் புகை விடாமல் வரும். அந்த வண்டிக்கு வெளியே எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். வாடிக்கையாளர் இதை ஏற்றுக்கொள்ள நாளாகும். அவர் கேட்டது ஒரு சொட்டு ஆயிலை நிறுத்த, நான் சொல்வது எஞ்சினை இறக்க. அதனால் அவர் கையையே பிடித்துக் குழாய் வாயில் வைத்துக் காட்டிவிடுவேன். காற்றின் சூடும் வேகமும் கையில் பட்டால் விளக்கமே தேவைப்படாது.

இன்னொரு வகை இருக்கிறது. அதை ஒழுகல் என்றே சொல்லக்கூடாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர் பொங்கலுக்கு ஊருக்கு வருவார். மாதக்கணக்கில் நின்ற வண்டியை உதைப்பார். உதைத்த உடனே மூச்சுக் குழாயிலிருந்து ஆயில் குபுகுபுவென்று கொட்டும். பயந்துபோய்ப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸிலேயே பின்பக்கம் தடுத்து ஓர் அறை விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலை எடுத்துக் கொடுக்கிறது, இன்னொரு பம்ப் அடியில் சேர்ந்ததைத் திருப்பி அந்த அறைக்கே அனுப்புகிறது. வண்டி நின்றுவிட்டால் அறையிலுள்ள ஆயில் பம்ப் தகடு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். கிளப்பும்போது அது அடித்து வெளியே வரும். இதில் பெரிய ஆபத்து வேறு. நின்ற வண்டியில் கேஜ் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். உடனே ஒரு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். உள்ளே இறங்கியிருக்கிற பழையது திரும்பி மேலே வந்ததும் அறை நிரம்பி வழியும். வண்டியைச் சில நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தி, அப்போதுதான் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஓர் இரவிலேயே இறங்கிவிடுகிறது என்றால் பம்ப் தகடும் அது உட்காரும் இடமும் தேய்ந்திருக்கின்றன. வால்வு தேய்க்கிற பேஸ்ட்டில் மிக மெல்லிசானதை வைத்து, தகட்டை அதே இடத்தில் வைத்து எட்டு எட்டாகத் தேய்த்து ஒட்டவைக்க வேண்டும். கையாலேயே செய்கிற வேலை. மிஷினில் முடியாது, அவசரத்திலும் முடியாது.

அழுத்தம் சரியாக இருக்கிறது, ரிங்கும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் அதன் பிறகுதான் மூட்டுகளுக்கு வருவேன். ஈரம் தெரிகிற இடமும் ஆயில் வெளிவருகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் அடித்துச் செல்லும், மீதி கீழே வழியும். ஹெட்டுக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டில் கசிவது சிலிண்டரைச் சுற்றியிருக்கிற ஃபின் தகடுகள் வழியாக இறங்கி, கிராங்க் கேஸ் ஓரமாகச் சுற்றி, அடியில் டிரெயின் நட்டின் நுனியில் சொட்டாக நிற்கும். வண்டிக்காரர் டிரெயின் நட்டைக் காட்டி, "இதான் மேஸ்திரி லூசு" என்பார். அதை இறுக்கி இறுக்கி அலுமினியத்தில் மறை தேய்ந்துபோய், திருவண்ணாமலையில் லேத்துக்குக் கொண்டுபோய் புஷ் போட்டு வாங்கிவந்த கேஸ்கள் உண்டு. டிரெயின் நட்டு ஒரு பாவமும் செய்திருக்காது.

அதனால் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவுவேன். ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதில், இப்போது டீசலில். ஃபின் சந்துகளில் சேர்ந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ் விட்டு எடுக்க வேண்டும். காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு அந்தச் சந்துதான் எல்லாம். அது அடைத்திருந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஆயில் தண்ணீராகும், தண்ணீரானால் ஒழுகும். கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் துணியில் கட்டி எஞ்சின் முழுக்கத் தட்டுவேன். சந்தேகப்படுகிற மூட்டுகளில் கொஞ்சம் அதிகமாக. பிறகு பாலத்தைத் தாண்டி ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, நிழலில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெள்ளை மாவின் மேல் ஒரு முடியளவு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனி எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். சில நேரம் அது நட்டின் மறைக்குள்ளிருந்து வரும், சில நேரம் வார்ப்பில் இருக்கிற ஊசிமுனைத் துளையிலிருந்து. கண்ணில் பார்க்காமல் ஒரு நட்டையும் தொடுவதில்லை என்பது என் பட்டறையில் பையன்களுக்குப் போட்ட முதல் சட்டம்.

சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே ஹெட்டும் கீழே கிராங்க் கேஸும் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல இரண்டு மடங்கு விரிகிறது. நூறு மில்லிமீட்டர் அலுமினியம் நூறு டிகிரி ஏறினால் கால் மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட நீள்கிறது, இரும்பு அதில் பாதி. தண்ணீரில் குளிர்கிற எஞ்சினில் சூடு ஒரு நிலையில் நிற்கும். இதில் சித்திரை வெயிலுக்கு ஒன்று, மார்கழிப் பனிக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் மூட்டின் இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. நடுவிலிருக்கிற பேக்கிங் அந்த நகர்வுக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

கல்வராயன் மலைக்குப் போய்வந்த வண்டியைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏறுகிறவர்கள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் வளைவு வளைவாக ஏற்றுகிறார்கள். பின்னால் ஓர் ஆள், சில நேரம் கடுக்காய் மூட்டையோ மரவள்ளிக் கிழங்கு மூட்டையோ வேறு. எஞ்சின் முழுப் பலத்தில் இழுக்கிறது, வண்டியோ மெதுவாகப் போகிறது, ஃபின்னில் பட வேண்டிய காற்று படுவதில்லை. உச்சிக்குப் போய் நிறுத்தினால் ஹெட் மூட்டில் வலது பக்கம், புஷ்ராட் போகிற பொந்துக்கு வெளியே, பளபளவென்று ஈரம் தெரியும். கீழே சமவெளியில் பத்து நாள் ஓட்டினாலும் அந்த ஈரம் வராது. மலைக்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். பாதி மலையில் நிறுத்தி டீ குடியுங்கள். 20-50 ஆயிலையே ஊற்றுங்கள். ஒழுகலை நிறுத்த கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை எஞ்சினில் ஊற்றுகிற பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அந்தக் கெட்டி ஆயில் பம்ப்பிலிருந்து மேலே ஏறுவதற்குள் ஹெட்டிலுள்ள ராக்கர் காய்ந்த உரசலில் தேய ஆரம்பித்துவிடும்.

மூட்டைத் திறந்தால் முதலில் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாப்பெட் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டு பிடிக்கிறது. இடது பக்கம் இருக்கிற பெரிய செயின் கேஸ் மூடிக்கும் அதே கதை. நடுவில் ஒற்றை நட்டு, ஓரம் முழுக்க ரப்பர். ஒழுகுகிறதே என்று நடு நட்டை மேலும் இறுக்கினால் நடுப்பகுதி உள்ளே குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க ஒழுகல் கூடும். இதை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கெட்டிக் கண்ணாடி ஒன்றை மேஜையில் போட்டு அதன்மேல் மூடியைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் விரலால் அழுத்தச் சொல்வேன். டக் டக்கென்று ஆடும். அந்தக் கண்ணாடிமேலேயே மெல்லிய எமரி ஷீட்டை ஒட்டி, துளி எண்ணெய் விட்டு, மூடியை வட்டவட்டமாகத் தேய்ப்போம். முதலில் இரண்டு ஓரம் மட்டும் வெள்ளையாகும், நடுவில் கறுப்பு நிற்கும். தேய்க்கத் தேய்க்க வெள்ளை பரவி, ஓரம் முழுக்க ஒரே நிறமானதும் நிறுத்த வேண்டும். கையை ஒரு பக்கமாக அழுத்தினால் சாய்ந்துவிடும், அதனால் கால்வட்டத்துக்கு ஒருமுறை மூடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்படித் தேய்த்த மூடி, பேஸ்ட் இல்லாமல் வெறும் பேப்பர் பேக்கிங்கிலேயே உட்காரும்.

பேக்கிங் நாங்களே வெட்டுகிறோம். கடையில் செட் கிடைக்கிறது. தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஷீட்டை மூட்டின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் நெடுக மெதுவாகத் தட்டினால் வெட்டு தானாக விழும். போல்ட் துளைகளுக்கு சைக்கிள் பால்ரஸ் உருண்டையை வைத்து ஒரு தட்டு. துளை அச்சுப்போல விழும். ஆயில் போகிற வழியில் பேக்கிங்கின் விளிம்பு ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் மட்டும் நான் கடுமையானவன்.

ஆயில் பைப் போல்ட்டுகளுக்குச் செப்பு வாசர். ஒருமுறை இறுக்கிய செப்பு கெட்டியாகிவிடும், மறுபடி போட்டால் படியாது. அடுப்பில் வைத்துச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெழுகாக இளகும். எமரியில் இரண்டு பக்கமும் தேய்த்து மாட்டலாம். பழைய நட்டுகள் பல இங்கிலீஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பிடிக்கும், முழுசாகப் பிடிக்காது. அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலைகளை உருட்டிவிடுகிறது. என் மேஸ்திரி கொடுத்த பழைய ஸ்பேனர் செட்டை இன்னும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

செயின் கேஸில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதில் இருப்பது வேறு ஆயில், எஞ்சினோடு சம்பந்தமில்லாதது. மட்டம் பார்க்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. யாரும் ஊற்றாமலே அந்த ஸ்க்ரூவைக் கழற்றியதும் ஆயில் கொட்டினால், எஞ்சின் ஆயில் கிராங்க் சீலைத் தாண்டி அங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். செயின் கேஸ் நிரம்பி, பின்னால் கிளட்ச் தண்டு வழியாக வழிந்து, பின் டயரில் படும். ஈரம் தெரிவது பின்சக்கரத்தில், கோளாறு கிராங்க்கில். கியர் பாக்ஸ் ஒழுகல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் சீல் போயிருக்கும், மாற்றினால் முடிந்தது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற ஒழுகல். எனக்குப் பயம் தருவது தெரியாத ஒழுகல். வலதுபக்க டைமிங் கவரின் உட்புறத்தில், கிராங்க் முனைக்கு நேர் எதிரே, ஒரு சின்னக் கார்க் வளையம் இருக்கிறது. பம்ப் தள்ளுகிற ஆயில் அந்த வளையத்தின் நடுவழியாகத்தான் கிராங்க்குக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடி பேரிங்கான பிக் எண்டுக்குப் போகிறது. கார்க் காய்ந்து சுருங்கினால் ஆயில் அங்கேயே பக்கவாட்டில் நழுவி அடியில் விழுந்து, திருப்புகிற பம்ப் வழியாக மறுபடி அறைக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. கேஜ் கம்பியில் மட்டம் சரியாக இருக்கும். பிக் எண்ட் மட்டும் பட்டினி கிடந்து ஒருநாள் தட்ட ஆரம்பிக்கும்.

வண்டி நிற்கிற வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வெளி மூட்டுகளை எல்லாம் பேஸ்ட்டால் அடைத்த எஞ்சின்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். டைமிங் கவரின் பேக்கிங்கோடு கனமான பேஸ்ட்டும் சேர்ந்தால் கவர் ஒரு காகிதத் தடிமன் வெளியே நிற்கும். அந்தக் காகிதத் தடிமனில் கார்க் கிராங்க் முனையில் அழுந்தாமல் போய்விடும். போதாததற்கு, பேஸ்ட் உட்பக்கமும் பிதுங்கியிருக்கும். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டி ஒன்றில் வெளியே துடைத்து வைத்ததுபோல் சுத்தம். உள்ளே பிக் எண்ட் முழுக்கப் போயிருந்தது. கவரைப் பிரித்தபோது ஆயில் வழியிலிருந்து சிவப்புப் பேஸ்ட் நூல் ஒன்றை இடுக்கியால் இழுத்தேன், நீளமாக வந்தது. முன்பு வேலை பார்த்தவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். வாடிக்கையாளர் ஒழுகக் கூடாது என்றார், அவர் ஒழுகாமல் செய்தார். அதனால்தான் பேஸ்ட் போடவே கூடாது என்று நான் சொல்வதில்லை. போட வேண்டிய இடத்தில் விரலில் தொட்டுத் தடவினால் நகம் தெரிகிற அளவுக்குப் போதும்.

கார் வேலை எங்களுக்கு அதிகம் இல்லை. ஆனால் திருவண்ணாமலையில் ரமணாச்ரமத்துப் பக்கம் வீடெடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புல்லட் வேலைக்கு என்னைத் தேடி வருவார்கள். அவர்களில் ஒருவர் பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று வைத்திருந்தார். பின்பக்கம் எஞ்சின், படுத்த நான்கு சிலிண்டர், இதுவும் காற்றில் குளிர்வதுதான். தரையில் தினமும் ஒரு தட்டளவு கறை. பிரித்துப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிராங்க் கேஸ் இரண்டு பாதிகளும் நடுவில் பேக்கிங்கே இல்லாமல் முகத்தோடு முகம் உட்காருகின்றன. அவ்வளவு சமமாகக் கடைந்திருக்கிறார்கள். சிலிண்டருக்கு அடியில் புஷ்ராட் போக எட்டுத் தகரக் குழாய்கள். குழாயின் இரண்டு முனையும் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஹெட்டுக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவில் நசுங்கி, அந்த நசுங்கலில்தான் சீல் பிடிக்கிறது. பழைய குழாய் நசுங்கிய நிலையிலேயே தங்கிவிடும், தள்ளுகிற சக்தி போய்விடும். ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு குழாயையும் கையால் மெதுவாக இழுத்து 190 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, புது ரப்பர் போட்டு, குழாயின் பற்றவைப்புக் கோடு மேல்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும். உள்ளே ஓடும் ஆயில் கீழ்ப்பக்கமாகத்தானே ஓடும். கோடு என்றாவது விரிந்தாலும் மேலே இருந்தால் சொட்டாது. ஜெர்மனியில் யாரோ இதை யோசித்து எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு வரி படித்ததிலிருந்து நானும் எந்தக் குழாயையும் ஹோஸையும் அதன் மூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் மாட்டுவதில்லை. கறை நின்றது. அவர் ஊருக்குப் போகும்போது காரை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை கரை கொள்ளாமல் போனது. ஆற்றோரத்து ஊர்களில் வண்டிகள் மூழ்கின. பழைய புல்லட்டுகளும்தான். மூழ்கின வண்டியை உதைக்காதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். டிரெயின் நட்டைக் கழற்றினால் முதலில் தண்ணீர், பிறகு நீர்மோர் நிறத்தில் ஆயில். செயின் கேஸ், கியர் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதேதான். வடித்து, கழுவி, ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, சிறிது ஓட்டி மறுபடி வடித்து ஊற்றியதில் பெரும்பாலானவை பிழைத்தன.

ஆனால் அடுத்த கோடையில் வேறொரு வரிசை ஆரம்பித்தது. வெள்ளத்துக்குப் பிறகு வேறு இடங்களில் ஆயில் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த வண்டிகள், எல்லா மூட்டிலும் ஒழுகிக்கொண்டு வந்தன. ஹெட், டைமிங் கவர், பாயிண்ட் இருக்கிற பிளாட்டினம் டப்பா வரைக்கும் ஆயில். பாயிண்ட்டில் ஆயில் ஏறி வண்டி அடைத்து அடைத்து ஓடியது. "வெள்ளத்துல பேக்கிங் எல்லாம் ஊறிப்போச்சு மேஸ்திரி, ஃபுல் செட் மாத்திருங்க" என்றார்கள். நான் மூச்சுக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ஆற்று வண்டல் உள்ளே போய்ச் செங்கல்லாக இறுகியிருந்தது. கம்பி விட்டுக் குத்தித் தண்ணீர் அடித்து எடுத்தோம். புது ரப்பர் போட்டோம். பவுடர் தட்டி ஓட்டிப் பார்த்ததில் பாதி மூட்டுகளில் கோடே வரவில்லை. உண்மையாகவே போயிருந்த பேக்கிங்குகளை மட்டும் மாற்றினோம். ஃபுல் செட் கேட்டு வந்தவரிடம் அந்த இறுகிய மண்கட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

வேலை முடிந்த வண்டியை உடனே கொடுப்பதில்லை. தியாகதுருகம் ரோட்டில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, ராத்திரி சிமெண்ட் தரையில் வெள்ளைக் காகிதம் விரித்து அதன்மேல் நிறுத்துவோம். காலையில் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பி, ஹெட் பக்கம் ஆயில் பைப் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்ப்போம். ஆயில் ஊறி வந்தால் மேலே போகிறது என்று அர்த்தம். மறுபடி இறுக்கித் துடைத்துவிட்டு ஆளுக்குப் போன் செய்வோம். புது ஹெட் பேக்கிங் சூடேறி ஆறும்போது கொஞ்சம் படியும், நட்டு கொஞ்சம் தளரும். அதனால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கொண்டுவரச் சொல்லுவேன். ஹெட் நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, டாப்பெட்டையும் சரிபார்க்க வேண்டும். புஷ்ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டீ குடிக்கிற நேரத்து வேலை. இதற்கு நான் கூலி வாங்குவதில்லை. ஆனாலும் பாதிப் பேர்தான் வருகிறார்கள், வராதவர்களுக்கு நானே போன் செய்து கூப்பிடுகிறேன்.